டிஜிஎன்1412: பத்து நிமிட இடைவெளியும் 91 சதவீதமும்

2006 மார்ச் 13, திங்கட்கிழமை. லண்டனின் வடமேற்கில் ஹாரோ பகுதியில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், பாரெக்ஸெல் என்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு பிரிவை நடத்திவந்தது. அன்று காலை எட்டு மணியளவில் அங்கே டிஜிஎன்1412 என்ற மருந்து முதன்முறையாக மனித உடலுக்குள் ஏறியது. பங்கேற்றவர்கள் எட்டு ஆண்கள். வயது 19 முதல் 34 வரை, எந்த நோயும் இல்லாதவர்கள். பங்கேற்புக்கான தொகை தலைக்கு 2,000 பவுண்டு. ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு உப்புநீர்.

டோஸ் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 2 மி.கி. 70 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தமே 7 மி.கி.தான், மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி பத்து நிமிடம். மருந்து பெற்ற ஆறு பேரும் அடுத்த 12 முதல் 16 மணி நேரத்துக்குள், பல உறுப்புகள் செயலிழக்கும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள்.

ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

முதல் கட்ட மருந்து ஆய்வுகளின் வரலாற்றில் இந்த நிகழ்வுக்குத் தனி இடம் உண்டு. மருந்து கெட்டுப்போகவில்லை, அளவு தவறவில்லை, ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. அன்றைய விதிகள் கேட்டவற்றைப் பெரும்பாலும் செய்திருந்தார்கள். விதிகள் கேட்காமல் விட்டவை இரண்டு கேள்விகள். இந்த டோஸில் மருந்து தன் இலக்கில் எத்தனை சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும்? முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால் அது நமக்குத் தெரியவர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டுக்கும் விடை காண ஒரு கால்குலேட்டர் போதும்.

மருந்து என்ன செய்ய வேண்டியிருந்தது

டிஜிஎன்1412 ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கைப் பிடிக்கும்படி ஆய்வகத்தில் செய்த எதிர்ப்புப் புரதம், ஐஜிஜி4 வகை. ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரில் இருந்த டெஜெனரோ என்ற சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. அடிப்படை ஆராய்ச்சி வுர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹியூனிக் குழுவினுடையது. உற்பத்தி செய்துகொடுத்தது போரிங்கர் இங்கல்ஹைம்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல் முழுதாகக் கிளம்ப இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். ஒன்று, எதிரியின் துண்டை அடையாளம் கண்டதாக டி செல் ஏற்பி தரும் சமிக்ஞை. மற்றது சிடி28 என்ற மூலக்கூறு வழியாக வரும் துணைச் சமிக்ஞை. சாதாரண சிடி28 ஆன்டிபாடி இரண்டாவதை மட்டும் தரும், முதலாவது இல்லாமல் செல் அசையாது. டிஜிஎன்1412 அப்படியல்ல. அது சிடி28-இன் பக்கவாட்டில் உள்ள ஒரு வளையத்தில் ஒட்டிக்கொண்டு, முதல் சமிக்ஞை இல்லாமலேயே செல்லைக் கிளப்பிவிடும். 'சூப்பர் அகோனிஸ்ட்' என்ற பெயர் அதனால்தான்.

டி செல்களை ஒட்டுமொத்தமாகக் கிளப்பும் பொருளை யார் மருந்தாக்குவார்கள் என்று தோன்றலாம். எலிகளில் இதையொத்த ஆன்டிபாடியைக் கொடுத்தபோது, மற்ற டி செல்களைவிட அடக்கி ஆளும் டி செல்கள் அதிகமாகப் பெருகின. தன்னுடல் தாக்கு நோய் மாதிரிகளில் அழற்சி தணிந்தது. ஆகவே முடக்குவாதத்துக்கும், டி செல்களின் பலம் குன்றிப்போகும் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கும் உதவும் என்று எதிர்பார்த்தார்கள். எலியில் கிடைத்த முடிவு உண்மையானது. மனிதனில் வேறொன்று முந்திக்கொண்டது.

0.1 மி.கி. எங்கிருந்து வந்தது

சினோமோல்கஸ் குரங்குகளுக்கு வாரம் ஒரு முறை, நான்கு வாரம், கிலோவுக்கு 50 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தார்கள். தீங்கு எதுவும் தென்படவில்லை. 'தீங்கு தென்படாத உச்ச அளவு' 50 மி.கி. என்று குறித்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியின் முறைப்படி, உடல் பரப்பளவைக் கொண்டு குரங்கின் அளவை மனித அளவாக மாற்ற 3.1-ஆல் வகுத்தார்கள். கிடைத்தது சுமார் 16 மி.கி. வழக்கமான பாதுகாப்புக் காரணி 10. அதனால் வகுத்தால் 1.6 மி.கி. அதோடு நிற்காமல் இன்னும் 16 மடங்கு குறைத்து 0.1 மி.கி.யில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குரங்குக்குக் கொடுத்ததில் 500-இல் ஒரு பங்கு. அடுத்தடுத்த குழுக்களுக்கு 0.5, 2, 5 மி.கி. என்று ஏற்றிக்கொண்டே போகத் திட்டம்.

இவ்வளவு பெரிய மூலக்கூறுக்குப் பரப்பளவு மாற்றம் தேவையில்லை, கிலோவுக்குக் கிலோ அப்படியே எடுக்கலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அதாவது டெஜெனரோ செய்தது வழிகாட்டி கேட்டதைவிட எச்சரிக்கையான கணக்கு. ஒழுங்குமுறை அதிகாரியின் மேசைக்கு இந்தத் தாள் வந்தால் மெச்சத்தான் தோன்றும்.

இனி அதே டோஸை மறுமுனையிலிருந்து பார்ப்போம். 70 கிலோ மனிதருக்கு 7 மி.கி. ஆன்டிபாடி, ஏற்றிய உடனே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவுக்குள்தான் இருக்கும். பிளாஸ்மா சுமார் 2.5 லிட்டர். செறிவு மில்லிலிட்டருக்கு 2.8 மைக்ரோகிராம். ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,50,000. ஆகவே மோலார் கணக்கில் சுமார் 18.7 நானோமோலார். டிஜிஎன்1412 சிடி28-ஐப் பற்றும் பிடிமான மாறிலி, அதாவது ஏற்பிகளில் பாதி நிரம்பும் செறிவு, 1.88 நானோமோலார் என்று நிறுவனமே அளந்து வைத்திருந்தது. ஏற்பியில் நிரம்பும் பங்கு என்பது செறிவை, செறிவும் மாறிலியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது. 18.7-ஐ 20.6-ஆல் வகுத்தால் 0.91.

முதல் டோஸிலேயே, முதல் சில நிமிடங்களிலேயே, உடம்பின் சிடி28 ஏற்பிகளில் சுமார் 91 சதவீதம் நிரம்பிவிடும். அதற்கு மேல் டோஸை ஏற்றிக்கொண்டே போவதில் மருந்தியல் நோக்கில் பெரிய பொருளே இல்லை. 'தொடக்க டோஸ்' என்று பெயரிட்டுக் கொடுத்தது உண்மையில் கிட்டத்தட்ட உச்ச விளைவு டோஸ்.

பத்து சதவீதம் மட்டும் நிரப்ப என்ன கொடுக்க வேண்டும்? அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் செறிவு 0.21 நானோமோலார், மொத்த மருந்து ஏறக்குறைய 78 மைக்ரோகிராம், கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கொடுத்ததில் ஏறக்குறைய தொண்ணூறில் ஒரு பங்கு.

தீங்கு தென்படாத அளவிலிருந்து இறங்கி வருவது ஒரு பாதை, விளைவு தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து ஏறிப் போவது இன்னொரு பாதை. கல்லீரலையோ சிறுநீரகத்தையோ மெல்ல நச்சுப்படுத்தும் வேதி மருந்துக்கு முதல் பாதை பெரும்பாலும் போதும். ஆனால் இந்த மருந்தின் ஆபத்து அதன் வேலையிலேயே இருந்தது. பக்கவிளைவு என்று தனியாக ஒன்று இல்லை. அந்த 2005 வழிகாட்டியிலேயே, கணக்கு முடிந்த பிறகு மருந்தியல் விளைவு தொடங்கும் அளவையும் கருத்தில் கொள்ளுங்கள் என்று கடைசிப் படியாக ஒரு வரி இருக்கிறது. கடைசிப் படி என்பதால் அது பின்யோசனையாகவே நின்றுவிட்டது.

முன்னறிகுறி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குரங்குகளில் சிலவற்றுக்கு ஐஎல்-2, ஐஎல்-5, ஐஎல்-6 ஆகிய சைட்டோகைன்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள்) மிதமாக உயர்ந்திருந்தன. டி செல்லின் சிடி3-ஐப் பிடிக்கும் ஓகேடி3 என்ற ஆன்டிபாடியை 1980-களிலிருந்தே சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அதன் முதல் டோஸில் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வருவது மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் தெரியும். அந்த அறிவு முதல் கட்ட ஆய்வுப் பிரிவை எட்டவில்லை.

பத்து நிமிடம்

எட்டுப் பேர், பத்து நிமிட இடைவெளி. எட்டு மணிக்கு முதல் ஆள் என்றால் எட்டாவது ஆளின் முறை ஒன்பது பத்துக்கு. மருந்து பெற்றவர்களுக்குத் தலைவலி தொடங்கியது 50 முதல் 90 நிமிடத்தில். அட்டவணைப்படி பார்த்தால் முதல் ஆள் தலையைப் பிடிக்கும்போது அநேகமாக எல்லோருக்கும் மருந்து ஏறி முடிந்திருக்கும். யாராவது விழிப்போடு கவனித்து "நிறுத்துங்கள்" என்று சொல்லியிருந்தாலும் நிறுத்த எதுவும் மிச்சமில்லை.

பத்து நிமிடம் என்ற எண்ணுக்குப் பின்னால் மருந்தியல் காரணம் எதுவும் தெரியவில்லை. அனாபிலாக்ஸிஸ் போன்ற உடனடி ஒவ்வாமையை மனதில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஓரளவு பொருள் உண்டு, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் நிமிடங்களில் வெடிக்கும். டி செல் தூண்டப்பட்டு, சைட்டோகைன் சுரந்து, அது ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்த ஒரு மணி நேரமாவது வேண்டும். எந்த ஆபத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் இடைவெளியை மட்டும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஏற்றிய வேகமும் அதே ரகம். மூன்று முதல் ஆறு நிமிடத்தில் முழு டோஸும் உள்ளே போய்விட்டது. அதே 7 மி.கி.யை நான்கு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றியிருந்தால், ஐம்பதாவது நிமிடத்தில் போயிருக்கக்கூடியது ஐந்தில் ஒரு பங்கு. குழாயை மூடலாம். சிரிஞ்ச் பம்ப் இல்லாத ஆய்வுப் பிரிவு உலகத்தில் எங்கும் கிடையாது.

அன்றும் அடுத்த நாட்களும்

தலைவலியை அடுத்து இடுப்பு வலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் குளிர்நடுக்கம், காய்ச்சல், தோல் சிவத்தல். பிறகு ரத்த அழுத்தம் சரிந்தது, நாடி ஏறியது. முதல் சில மணி நேரங்களில் கொடுத்தவை ஹைட்ரோகார்டிசோன், குளோர்பெனிரமின், பாராசிட்டமால், வாந்திக்கு ஒண்டான்செட்ரான், அழுத்தத்துக்கு மெட்டராமினால். ஒவ்வாமை எதிர்வினைக்கு எந்த வார்டிலும் எழுதப்படும் சீட்டுதான் இது. அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு எதை நினைத்திருக்க முடியும் என்றும் கேட்கலாம். விடை எளிது: மருந்தின் செயல்முறையைப் படித்தவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டிய சிகிச்சைத் திட்டம். அது இல்லாத இடத்தில் பணியில் இருக்கும் மருத்துவர் தனக்குப் பழகியதைத்தான் செய்வார்.

ரத்தத்தில் நடந்ததை இத்தனை துல்லியமாக அதற்கு முன் யாரும் கண்டதில்லை. தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸ் நோயாளி வார்டுக்கு வரும்போது தொற்று எப்போது தொடங்கியது என்றே தெரியாது. இங்கே தூண்டிய நிமிடம் தெரியும், தொற்று இல்லை, முந்தைய நாள்வரை எல்லோரும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். முதலில், ஒரு மணி நேரத்தையொட்டி, டிஎன்எஃப்-ஆல்பா என்ற சைட்டோகைன் உச்சத்தைத் தொட்டது. அதைத் தொடர்ந்து சில மணி நேரத்தில் ஐஎல்-2, ஐஎல்-6, ஐஎல்-10, இன்டர்ஃபெரான்-காமா. 24 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும் ஏறக்குறைய காணாமல் போயின. கிளம்பிய டி செல்கள் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விட்டன. நுரையீரலில் நீர், சிறுநீரகம் நின்றுபோதல், ரத்தக் குழாய்களுக்குள் பரவலான உறைதல் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. விரல்கள் கருகியது அந்த உறைதலின் விளைவு.

நார்த்விக் பார்க்கின் தீவிர சிகிச்சைக் குழு ஆறு பேரையும் காப்பாற்றியது இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. ஒரே இரவில் ஆறு இளைஞர்கள், ஆறு பேருக்கும் பல உறுப்புப் பாதிப்பு, முன்னுதாரணமே இல்லாத காரணம். டயாலிசிஸ், அதிக அளவு மெத்தில்பிரெட்னிசலோன், ஐஎல்-2 ஏற்பியை மறிக்கும் டக்லிசுமாப் என்ற ஆன்டிபாடி ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சை. இருவருக்கு நீடித்த அதிர்ச்சி நிலையும் கடும் சுவாசக் கோளாறும் வந்து, ஒருவருக்கு 8 நாள், மற்றவருக்கு 16 நாள் உறுப்புத் துணை தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் முகம் வீங்கியதை வைத்து 'யானை மனிதர்கள்' என்று தலைப்புப் போட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த மருத்துவ அறிக்கைதான் இன்றும் பாடமாக இருக்கிறது.

மருந்து பெற்ற ஆறு பேரில் ஆறு பேருக்கும் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். யாரோ ஒருவரின் மரபணு விசித்திரம் என்றால் ஒருவருக்கு வரும். எல்லோருக்கும் வந்தால் அது அந்த டோஸில் அந்த மருந்தின் இயல்பு.

விசாரணை

பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எம்எச்ஆர்ஏ, மருந்தின் தொகுதியைச் சோதித்தது. மாசு இல்லை, அளவில் பிழை இல்லை, தயாரிப்பில் கோளாறு இல்லை. ஆய்வுப் பிரிவின் ஆவணங்களில் சில குறைகள் இருந்தன, ஆனால் அவை நடந்ததற்குக் காரணம் அல்ல. எதிர்பாராத உயிரியல் விளைவு என்பதுதான் 2006 மே மாத முடிவு. அடுத்து சர் கோர்டன் டஃப் தலைமையில் அமைந்த நிபுணர் குழு அந்த ஆண்டு இறுதியில் 22 பரிந்துரைகளைத் தந்தது. மேலே போட்ட ஏற்பிக் கணக்கு அந்தக் குழு வலியுறுத்திய அணுகுமுறைதான். டெஜெனரோ அதற்குள் ஜூலையிலேயே திவாலாகியிருந்தது.

'எதிர்பாராத' என்ற சொல்லில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சைட்டோகைன்கள் இப்படிப் பொங்கிய புயலின் உக்கிரம் எதிர்பாராததுதான். டி செல்களைக் கிளப்பவென்றே செய்த ஒன்று டி செல்களைக் கிளப்பியதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?

குரங்கு ஏன் தப்பியது

விலங்குச் சோதனை எதிர்ப்பாளர்கள் இந்த நிகழ்வைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். குரங்கின் சிடி28-இல் செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதி மனிதனுடையதைப் போன்றதே, ஆன்டிபாடி நன்றாகவே ஒட்டுகிறது. பிறகு ஏன் குரங்கு சும்மா இருந்தது? விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. பிரிட்டனின் உயிரியல் தர நிர்ணய நிறுவனம் என்ஐபிஎஸ்சி 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: மனிதனில் புயலைக் கிளப்புபவை ஒரு முறை எதிரியைச் சந்தித்துத் தயாராக நிற்கும் சிடி4 நினைவு டி செல்கள். சினோமோல்கஸ் குரங்கில் அந்த வகைச் செல்கள் முதிரும்போது சிடி28-ஐ இழந்துவிடுகின்றன. பூட்டு ஒன்றுதான், ஆனால் அது இருக்க வேண்டிய கதவில் இல்லை. ஆய்வுக்கூட எலிகள் தூய சூழலில் வளர்வதால் நினைவு செல்களே அவற்றுக்குக் குறைவு.

சோதனைக் குழாயில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. மனித ரத்தச் செல்கள் மிதக்கும் திரவத்தில் ஆன்டிபாடியைக் கரைத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. என்ஐபிஎஸ்சி 2007-இல் ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஒட்டவைத்து அதன்மேல் செல்களை விட்டபோது சைட்டோகைன் பொங்கி வந்தது. ரத்தக் குழாய் உட்சுவர்ச் செல்களோடு சேர்த்து வளர்த்தபோதும் வந்தது. ஆன்டிபாடியை ஏதோ ஒரு பரப்பு பிடித்துக்கொண்டு டி செல்லுக்கு நீட்ட வேண்டும். ஹியூனிக் குழு 2011-இல் இன்னொரு வழி கண்டது: ரத்தச் செல்களை நெருக்கமாக அடைத்து இரண்டு நாள் வளர்த்துவிட்டு மருந்தைச் சேர்த்தால், கரைசலிலேயே எதிர்வினை வரும். ஓடும் ரத்தத்தில் தனித்தனியாக மிதக்கும் டி செல் அரைத்தூக்கத்தில் இருக்கிறது, திசுவில் நெருங்கியிருக்கும் டி செல் விழித்திருக்கிறது. இன்று டி செல்லைத் தொடும் எந்த ஆன்டிபாடிக்கும் இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்று கோப்பில் இருந்தாக வேண்டும். கரைசலில் மட்டும் செய்துவிட்டு 'சைட்டோகைன் வெளிப்பாடு இல்லை' என்று எழுதி வரும் கோப்பைத் திருப்பி அனுப்புவதே சரி.

இந்த ஆன்டிபாடி பிற்காலத்தில் டாப்08 என்ற பெயரில் ரஷ்யாவில் மறுபடி மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. தொடங்கிய அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், லண்டன் டோஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே போனது 7 மைக்ரோகிராம் வரை. புயல் வரவில்லை. அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 மட்டும் உயர்ந்தது, அடக்கி ஆளும் செல்கள் விழித்ததன் அடையாளமாக. எலி ஆய்வு சொன்னது பொய்யல்ல என்பதும், 2006-இல் கெடுத்தது டோஸ் என்பதும் இதில் சேர்ந்தே தெரிந்தது.

இப்போது எப்படிச் செய்ய வேண்டும்

ஐரோப்பிய மருந்து முகமை 2007-இல் வழிகாட்டி வெளியிட்டு, 2017-இல் அதைத் திருத்தியது. சுருக்கமாக நடைமுறை இப்படி. தீங்கு தென்படாத அளவிலிருந்து ஒரு டோஸ், எதிர்பார்க்கப்படும் மிகக் குறைந்த உயிரியல் விளைவு அளவிலிருந்து ஒரு டோஸ் என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஆபத்து மிகுந்த மருந்துக்கு எது குறைவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது கணக்குக்குப் பிடிமான மாறிலி, ஏற்பி நிரம்பும் சதவீதம், மனிதச் செல்லில் விளைவு தொடங்கும் செறிவு, இலக்கு எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதெல்லாம் வேண்டும். பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஏற்பி 10 சதவீதம் நிரம்பினால் பாதுகாப்பு என்று பொது விதி கிடையாது. தூண்டிவிடும் வகை மருந்துக்கு 10 சதவீதமே அதிகமாக இருக்கலாம், மறித்து நிற்கும் வகைக்கு 50-கூடப் போதாமல் போகலாம்.

முதல் நாள் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத பிளாசிபோ. மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு வழக்கத்தில் குறைந்தது 24 மணி நேரம், ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. மருந்து உச்சச் செறிவைத் தொடும் நேரம், விளைவு வெளிப்படும் நேரம், இரண்டுக்கும் மேல் ஒரு பாதுகாப்பு விளிம்பு என்று கணக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தும் விதி முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்: மருந்தோடு தொடர்பு இருக்கக்கூடிய ஒரே ஒரு தீவிர நிகழ்வு, அல்லது ஒரே குழுவில் இருவருக்குக் கடுமையான எதிர்வினை வந்தால் நிறுத்தம்.

2017 திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்றால், பிரான்சின் ரென் நகரில் 2016 ஜனவரியில் அதே பாடம் மறுபடி நடத்தப்பட்டது. பயோட்ரியல் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு, பியால் நிறுவனத்தின் பிஐஏ 10-2474 என்ற மருந்து, தினமும் 50 மி.கி. கொடுத்தார்கள். அது குறிவைத்த நொதியை முழுதாக அடக்க அதில் சிறு பகுதியே போதும். ஐந்தாவது டோஸுக்குப் பிறகு, ஜனவரி 10 மாலை, ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை மீதி ஐந்து பேருக்கும் ஆறாவது டோஸ் கொடுக்கப்பட்டது, முந்தின நாள் நடந்ததை அவர்களிடம் சொல்லாமலே. முதலில் நோயுற்றவர் ஜனவரி 17-இல் இறந்தார். நான்கு பேருக்கு மூளை நரம்புப் பாதிப்பு. ஆறாவது டோஸ் கொடுத்த அன்று காலை ஒரு தொலைபேசி அழைப்பு, "அவருக்கு என்ன என்று தெரியும் வரை இன்றைய டோஸ் வேண்டாம்" என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. லண்டனில் அப்படிச் சொல்ல நேரம் இல்லை. ரென்னில் ஓர் இரவு முழுக்க இருந்தது.

ஆய்வுப் பிரிவைப் பொறுத்தவரை, பிரிட்டன் 2008-இல் முதல் கட்ட மையங்களுக்கு அங்கீகாரத் திட்டம் கொண்டுவந்தது. தலைமை ஆய்வாளருக்கு மருந்தியல் பயிற்சி, பணியாளர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி, முன்னறிவிப்பில்லாத அவசரகால ஒத்திகை, அருகில் தீவிர சிகிச்சைப் பிரிவோடு எழுத்துபூர்வ ஏற்பாடு ஆகியவை அதன் உள்ளடக்கம். ஒத்திகையில் அதிகம் தோற்கும் காட்சி மாரடைப்பு அல்ல, அதை எல்லோரும் மனப்பாடமாகச் செய்வார்கள். "மருந்து ஏறி ஒரு மணி நேரம், மூன்று படுக்கைகளில் ஒரே சமயத்தில் குளிர்நடுக்கம், அழுத்தம் 90-க்குக் கீழே" என்று காட்சி கொடுத்தால் சிரிஞ்சு யார் கையில், சாவி யார் கையில், நோயின் பெயரை யார் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நிற்பார்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு கைகள் என்று கணக்குப் போட்டுப் பணியாளர் பட்டியல் போடும் இடத்தில் மூன்று பேர் ஒன்றாகச் சரிந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒத்திகை மட்டுமே காட்டும்.

வார்டுக்கு வந்த புயல்

2006-இல் ஆய்வுப் பிரிவின் அபூர்வ விபத்தாக இருந்தது இன்று புற்றுநோய் வார்டின் அன்றாடம். நோயாளியின் டி செல்களை மரபணு மாற்றிப் புற்றைத் தாக்க அனுப்பும் கார்-டி சிகிச்சையிலும், டி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைக்கும் இருமுக ஆன்டிபாடிகளிலும் சைட்டோகைன் புயல் எதிர்பார்த்தே வருகிறது. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வேலூர் சிஎம்சியிலும் கார்-டி ஆய்வு நடந்திருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் பயிற்சி மருத்துவரும் நர்ஸும் இதை ஏட்டில் படித்துவிட்டு மறக்கும் விஷயமாக வைக்க முடியாது.

இந்தப் புயலின் கடுமையைத் தரம் பிரிக்கும் முறை மூன்றே அளவுகளில் நிற்கிறது: காய்ச்சல், ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன். 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் மட்டும் என்றால் முதல் தரம். அழுத்தம் சரிந்து சலைனில் மீண்டால், அல்லது மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டருக்குள் ஆக்ஸிஜன் போதுமென்றால் இரண்டாம் தரம். அழுத்தம் ஏற்றும் மருந்து ஒன்று தேவைப்பட்டால், அல்லது உயர் ஓட்ட ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் மூன்று. அதற்கு மேல் நான்கு. லண்டனில் இல்லாத ஆயுதம் இப்போது இருக்கிறது: ஐஎல்-6 ஏற்பியை மறிக்கும் டோசிலிசுமாப். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 8 மி.கி., ஒரு முறைக்கு 800 மி.கி. உச்சம், ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது. ஒரு கார்-டி நோயாளிக்குக் குறைந்தது இரண்டு டோஸ் மருத்துவமனையிலேயே, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கும்படி கையிருப்பில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி பல ஆண்டுகள் கட்டாயப்படுத்தியது. "மருந்தகத்தில் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது.

இங்கே தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். காய்ச்சல், குளிர், சரியும் அழுத்தம் என்று வருபவருக்குப் புயலா செப்சிஸா என்று படுக்கையருகில் பிரிக்க முடியாது. கார்-டி நோயாளிக்குத் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் செல்களின் எண்ணிக்கையும் பாதாளத்தில் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை: ரத்த கல்ச்சர் எடுத்து, முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், கூடவே தரத்துக்கேற்ப டோசிலிசுமாப். அதைக் கொடுத்த பின் காய்ச்சல் இறங்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் எண்ணும் விழும், ஏனென்றால் சிஆர்பியைக் கல்லீரலில் சுரக்கச் செய்வதே ஐஎல்-6. இந்த இறக்கத்தைப் பார்த்துத் தொற்று அடங்கியதாக நினைத்து ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது அடுத்த வார்டு ரவுண்டில் அடிக்கடி நடக்கும் பிழை. டோசிலிசுமாப் ஏறிய நோயாளியின் சிஆர்பியைச் சில வாரங்களுக்கு முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே கொடுத்த தேதியையும் நேரத்தையும் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டும்.